சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உழைக்கும் பெண்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், 1842ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தை இரண்டே வரிகளில் கடந்துவிட்டீர்கள். பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதையே தடைசெய்த அச்சட்டம் அவர்களுக்குக் கிடைத்த விடுதலை அல்லவா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

இரண்டு வரிகளில் கடந்தது பிழைதான். ஆனால் விடுதலை என்ற சொல்லை எழுத எனக்கு இன்னமும் கை வரவில்லை.

அச்சட்டத்துக்கு வழிவகுத்த விசாரணை அறிக்கையில் பெட்டி ஹாரிஸ் என்ற 37 வயதுப் பெண்ணின் வாக்குமூலம் இருக்கிறது. லிட்டில் போல்டனில் ஒரு சுரங்கத்தில், இடுப்பில் பட்டையும் கால்களுக்கிடையே சங்கிலியுமாக, காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து நிலக்கரி இழுத்தவர் அவர். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் இழுத்தார். அப்போது பட்டையும் சங்கிலியும் இன்னும் அதிகமாக வதைத்தன என்கிறார். தனக்குத் தெரிந்த ஒருத்தி வேலை முடிந்து வீட்டுக்குப் போய், உடம்பைக் கழுவிக்கொண்டு படுத்துப் பிள்ளை பெற்று, ஒரு வாரம் ஆவதற்குள் மறுபடியும் வேலைக்கு வந்ததையும் சொல்கிறார். இதைப் படித்தவர் யாரும் அந்தத் தடையை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

அதே வாக்குமூலத்தில் போகிறபோக்கில் வரும் இரண்டு செய்திகள்தான் என்னை நிறுத்துகின்றன. வாரக்கூலி சில சமயம் 7 ஷில்லிங், சில சமயம் அதற்கும் குறைவு; வேலைக்கு ஆயத்தமாக இல்லையென்று கணவன் பலமுறை அடித்திருக்கிறான். மணமான பெண்ணின் சம்பாத்தியம் அன்றைய சட்டப்படி கணவனுக்கே உரியது என்பதையும், அது அவளுடையது என்று இங்கிலாந்துச் சட்டம் ஒப்புக்கொள்ள 1870 வரை ஆயிற்று என்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். 1842இல் அவிழ்த்தது சங்கிலியை மட்டுமே.

அறிக்கை வெளிவந்தபோது கனவான்களை உலுக்கியவற்றில் முதன்மையானது, பெண்கள் அரைகுறை ஆடையோடு ஆண்களுடன் ஒரே இருட்டில் வேலை செய்தார்கள் என்ற செய்தி. மானத்தைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள் அடுத்த வாரத்து அடுப்பைப் பற்றிப் பேசவில்லை. 1843 மார்ச் மாதம் தடை நடைமுறைக்கு வந்தபோது வெளியேற்றப்பட்ட பெண்களுக்கு இழப்பீடும் இல்லை, மாற்று வேலையும் இல்லை. சிலர் சட்டத்தை மீறி மறுபடியும் கீழே இறங்கினார்கள். விகன் பகுதியில் பலர் சுரங்கத்தின் வாயிலில், தரைக்கு மேலே, கரியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் பிரிக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் கால்சட்டை அணிந்தது அடுத்த சர்ச்சை ஆயிற்று! 1880களில் அந்த வேலைக்கும் தடை கோரும் குரல் எழுந்தது. இந்த முறை அப்பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1887இல் அவர்களில் ஒரு குழுவினர் லண்டனுக்குப் போய், உள்துறை அமைச்சரைச் சந்தித்து, தங்கள் பிழைப்பைப் பறிக்க வேண்டாம் என்று முறையிட்டார்கள். தடை வரவில்லை.