சாவியைத் திருப்பியும் நிற்காத மின்சார பக்கி: வழக்கு சோலனாய்டுக்குள் இருக்கிறது

கேள்வி: பினாங்கு பாலிக் புலாவ் மேட்டில் எங்கள் டுரியான் தோட்டத்து வீடு. ஏற்றத்தில் திணறிய 48 வோல்ட் பக்கியை (கோல்ஃப் மைதானத்தில் ஓடும் வகை மின்சார வண்டி) 72 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கு மாற்றினேன். பேட்டரியும் சார்ஜரும் 9,600 ரிங்கிட்டுக்கு நானே இணையத்தில் வாங்கினேன். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 72 வோல்ட் கன்ட்ரோலர் (2,800) உட்பட பட்டறை பில் 4,600. அதில் 4,000 கட்டிவிட்டேன். மூன்றாவது வாரம், மிதியிலிருந்து காலை எடுத்தும், சாவியைத் திருப்பியும் வண்டி நிற்காமல் கேட் தூணில் மோதியது. கன்ட்ரோலர் கருகிவிட்டது, பேட்டரி நன்றாக இருக்கிறது. தூணுக்கு 700 ரிங்கிட் செலவு. அம்மாவுக்குத் தோளில் அடி. அப்பா காலத்துப் பழக்கம் என்று நம்பிப் போனேன். அந்தப் பட்டறை போர்மேன் (மெக்கானிக்) இப்போது போனை எடுப்பதில்லை. "மத்ததெல்லாம் பழசே இருக்கட்டும், செலவக் கொறைங்கன்னு நீதானே மெசேஜ் போட்ட" என்று நேரில் ஏளனம் செய்கிறார். கடைத்தெருவுக்குக்கூட அந்தப் பக்கியில்தான் போவோம். இப்போது வீட்டோடு முடங்கிக் கிடக்கிறோம். 14,200 ரிங்கிட்டும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வேண்டும். அடுத்த வாரம் பட்டர்வொர்த்தில் வேறு பட்டறைக்கு ரிப்பேருக்கு அனுப்புகிறேன்.

பதில்: அனுப்பாதீர்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அப்பா காலத்துப் பழக்கம், எடுக்காத போன், ஏளனப் பேச்சு: இவற்றுக்குச் சட்டத்தில் விலை கிடையாது. உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவுகிற வரி ஒன்றுதான்: "சாவியைத் திருப்பியும் நிற்கவில்லை." கன்ட்ரோலர் உள்ளே ஷார்ட் ஆனாலும் மிதியை விட்டவுடன் சோலனாய்டு (பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே உள்ள மின்காந்த சுவிட்ச்) பிரிந்து மின்சாரத்தை வெட்ட வேண்டும். வெட்டவில்லை என்றால் அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். ஏன் ஒட்டின என்பதில்தான் யார் பணம் கொடுப்பது என்பது அடங்கியிருக்கிறது.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, சோலனாய்டை இழுத்துப் பிடிக்கும் பழைய 48 வோல்ட் காயில் (கம்பிச் சுருள்). 24 செல் கொண்ட 72 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 87.6 வோல்ட் காட்டும். பழைய ஆசிட் பேட்டரியில் ஏறக்குறைய 51 வோல்ட்டில் வேலை செய்த காயிலில் இப்போது ஏறக்குறைய மூன்று மடங்கு சூடு. நீண்ட ஏற்றத்தில் காயில் கருகி, இழுவை குறைந்து, தொடுமுனை துடித்துப் பொறி கிளம்பி ஒட்டும். இரண்டாவது, சோலனாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் இல்லாதது. அது கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்களை (மின்சாரத்தைத் தேக்கும் பாகங்கள்) மெல்ல நிரப்பி வைக்கும். இல்லாவிட்டால் மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும். வோல்ட் கூடினால் அதுவும் கூடும்.

ரெசிஸ்டரைப் போடாமல் விட்டது வேலைக் குறை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, பிரிவு 53: சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். உங்கள் வாட்ஸாப் மெசேஜ் அதைத் தொடாது. காயில்தான் கருகியது என்றால் அதே மெசேஜ் அவருடைய கேடயம்: பழசே போதும் என்று வாடிக்கையாளரே முடிவு செய்தார் என்பார். செய்த வேலை உங்கள் தேவைக்குப் பொருந்தும் என்று பிரிவு 54 தரும் உத்தரவாதம், அவருடைய திறமையை நீங்கள் நம்பியிருந்தால்தான் கிடைக்கும். "மத்ததெல்லாம்" என்று எழுதியபோது சோலனாய்டு காயிலுக்கு வோல்ட் கணக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாது, அதைச் சொல்லித் தடுத்திருக்க வேண்டியவர் அவர் என்று வாதாடலாம். நல்ல வாதம்தான். ஆனால் அவர் எழுத்தில் ஒரு வரி எச்சரித்திருந்தாலும் அது படுத்துவிடும். மெசேஜ்களை முதலிலிருந்து படியுங்கள். பில்லில் "எலெக்ட்ரிக்கல் சாமானுக்கு வாரண்டி இல்லை" என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம், சட்ட உத்தரவாதத்தை அப்படி எழுதி ஒழிக்க முடியாது.

கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். புதுப் பட்டறை கையில் எடுத்ததும் முதலில் குப்பைக்குப் போவது பழைய சோலனாய்டு. அது மலிவான சாமான், யாரும் எடுத்து வைப்பதில்லை. பிறகு பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் நீட்டுவதற்குக் கருகிய கன்ட்ரோலர் மட்டும் இருக்கும். கருகிய கன்ட்ரோலர் எதையும் சொல்லாது. நீங்கள் வாங்கிய பேட்டரிதான் காரணம் என்று எதிர்த்தரப்பு சொன்னால் மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எனவே: சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் மெயின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். ஒயர் எதையும் பிரிப்பதற்கு முன் சோலனாய்டைச் சுற்றிலும் படம் எடுங்கள். அதன் மேல் பொறித்த வோல்ட் எண், ரெசிஸ்டர் இருக்கும் இடம் அல்லது இல்லாத இடம் தெளிவாகத் தெரிய வேண்டும். பேட்டரியின் பிஎம்எஸ்ஸுக்கு (செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை) புளூடூத் செயலி இருந்தால் அதிலுள்ள பதிவுகளை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பழையவை அழிந்துபோகலாம். பிறகு ஒரு டெக்னீஷியன் மல்டிமீட்டரால் மின்தடையை (ஓம்) இரண்டு இடத்தில் அளக்கட்டும். ரெசிஸ்டர் இருந்தால் அதன் ஒரு முனையை விலக்கிவிட்டு, பெரிய முனைகளுக்கு இடையே பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் தொடுமுனை ஒட்டியிருக்கிறது. சிறிய முனைகளுக்கு இடையே இணைப்பே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. சோலனாய்டை உடைத்துத் திறக்கக் கூடாது. முதலில் பழைய போர்மேனுக்கு எழுதுங்கள்: ஏழு நாளுக்குள் வந்து பாருங்கள், அதன் பிறகு பிரிப்போம் என்று. வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம். அறிக்கை எழுதுபவரே ரிப்பேருக்கும் விலை சொன்னால் அந்த அறிக்கைக்கு மதிப்புக் குறையும், இரண்டு பேரை வையுங்கள். அவசரமும் இல்லை, தீர்ப்பாயத்துக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

இனி அந்தக் கடைத்தெரு வரி. பதிவும் காப்புறுதியும் இல்லாத பக்கியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன்படி குற்றம். அதை நீங்களே மனுவில் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டால் பொய் சொல்லவும் கூடாது. இனிமேல் சாலைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்: வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரண்டேகால் மடங்காகும், பிரேக் மட்டும் பழையதுதான்.

அம்மாவின் தோள்பட்டையைத் தீர்ப்பாயம் விசாரிக்காது, உடற்காயம் அதன் வரம்பில் இல்லை. டுரியான் விற்கிற தோட்டத்து வண்டி என்பதால் நீங்கள் பயனீட்டாளரே இல்லை என்று அவர் முதல் ஆட்சேபம் கிளப்புவார். மூட்டை ஏற்றிய படங்களை முகநூலில் போட்டிருந்தால் அவர் கையில் அது ஆயுதம். (அவரைத் திட்டி அங்கே எதுவும் எழுதவும் வேண்டாம்.) தீர்ப்பாயம் கைவிட்டால் 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி இருக்கிறது.

உங்கள் தொகை அதற்குள் அடங்கும். 14,200-ஐ மறந்துவிடுங்கள், பேட்டரியும் சார்ஜரும் கெடவில்லை. கன்ட்ரோலர் 2,800, தூண் 700: ஆக 3,500. அவருக்கு நீங்கள் 600 பாக்கி, அதை அவர் எதிர்க்கோரிக்கையாக வைப்பார்.

இந்தத் தொகைக்கு வழக்கு வேண்டாம், சமரசம் பேசுங்கள். ரெசிஸ்டர் இல்லை என்று படம் காட்டினால்: கன்ட்ரோலர் முழுவதும் அவர் பொறுப்பு, தூண் உங்கள் பொறுப்பு, 600 தள்ளுபடி. காயில் கருகியிருந்தால் கன்ட்ரோலரில் பாதிக்குப் பாதி ஒப்புக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கிடைக்காது. எந்த வழியானாலும் 72 வோல்ட் காயில் சோலனாய்டு, அந்தக் கன்ட்ரோலருக்கு ஏற்ற ரெசிஸ்டர், டிசி மின்சாரத்துக்குரிய மெயின் ஃபியூஸ், விளக்குகளுக்கு 72-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். "முழுமையான இறுதித் தீர்வு" என்று அவர் எழுதி வந்தால், புதிதாகப் போடும் சாமான்களும் வேலையும் அதில் சேராது என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.