வெசாக் ஓர்க்கிட் பல்கனியில் ஏன் வாடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் நாட்டின் அரிய தாவரங்களைப் பற்றியவையாக இருப்பதால், வீட்டுத்தோட்டக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வெசாக் விடுமுறையில் இரத்தினபுரிக்குச் சென்று திரும்பும் வழியில், பூவோடு இருந்த வெசாக் ஓர்க்கிட் ஒன்றை வீதியோரத்தில் வாங்கினேன். கடற்கரைப் பக்கம் பார்த்த எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியில், தொட்டியில் மண் நிரப்பி நட்டேன். பூ உதிர்ந்துவிட்டது. இப்போது தண்டுகள் சுருங்கி, இலைகள் மஞ்சளாகின்றன. என்ன உரம் போடலாம்? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: உரம் எதுவும் வேண்டாம், முதலில் அதை மண்ணிலிருந்து வெளியே எடுங்கள். இது மரக்கிளைகளில் பற்றிக்கொண்டு தொங்கி வளர்வது. அதன் வேர்கள் பட்டையில் வழியும் மழைநீரைக் குடித்துவிட்டு உடனே காற்றில் உலர வேண்டியவை. மண்ணுக்குள் புதைத்தால் சில வாரங்களில் அழுகிவிடும். அழுகிக் கறுத்த வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் நீக்கி, பொச்சு மட்டைத் துண்டொன்றில் தும்புக் கயிற்றால் மெதுவாகக் கட்டி, கடற்காற்று நேரே படாத நிழலான பக்கத்தில் தொங்கவிடுங்கள். உப்புக் காற்றும் பிற்பகல் வெயிலும் அதற்கு ஆகாதவை. காலையில் மழைநீரைத் தூவினால் போதும். தண்டின் கணுக்கள் இன்னும் பச்சையாக இருந்தால் புதுத் தளிர் வரக்கூடும். எல்லாக் கணுக்களும் காய்ந்திருந்தால் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. அதை வாங்கியபோது வேரில் மரப்பட்டைத் துண்டுகள் ஒட்டியிருந்தனவா? ஒட்டியிருந்தால் அது நாற்றுமேடையில் வளர்ந்ததல்ல. காட்டு மரத்திலிருந்து உரித்து எடுக்கப்பட்டது. டென்ட்ரோபியம் மக்கார்த்தியே என்று தாவரவியலாளர் அழைக்கும் இந்த ஓர்க்கிட், உலகில் இலங்கையின் தென்மேற்குத் தாழ்நில மழைக்காடுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. மே மாதத்தை ஒட்டிப் பூப்பதால்தான் வெசாக் என்ற பெயர் அதற்கு வந்தது. மெல்லிய தண்டின் நுனிப்பகுதியில் இரண்டு மூன்றாகத் தொங்கும் அந்த இளஞ்சிவப்பு கலந்த ஊதாப் பூவின் உதட்டிதழை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிறிய நிறத்தின் நடுவே, சாயம் சொட்டியதுபோல் அடர்ந்த ஊதாத் திட்டு ஒன்று இருக்கும். அந்த அழகுதான் அதற்கு வினையாகிவிட்டது.

பூக்காத காலத்தில் உயரக் கிளையொன்றில் தொங்கும் அந்தத் தண்டுகள் சாதாரணக் கண்ணுக்குக் காய்ந்த கொடிகளாகவே தெரியும். எவரும் ஏறிப் பறிப்பதில்லை. பூத்தவுடன் கண்ணில் படுகிறது, கண்ணில் பட்டவுடன் உரிக்கப்படுகிறது, பூவோடு இருக்கும்போதே விற்கப்படுகிறது. ஆகவே வீதிக்கு வரும் ஒவ்வொரு செடியும் அந்த ஆண்டின் காயையும் விதையையும் காட்டுக்குக் கொடுக்காமலே வருகிறது. ஓர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைப்பதற்கான உணவு அதனுள் இல்லை. மரப்பட்டையில் வாழும் ஒருவகைப் பூஞ்சணத்தோடு சேர்ந்தால்தான் அது முளைக்கும். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கான விதைகள் இருந்தும் செடியாவது மிகச் சிலவே என்பதால், வளர்ந்த செடியொன்று போனால் அந்த இடத்தை நிரப்ப நெடுங்காலம் ஆகும்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட தாவரம். காட்டிலிருந்து பறிப்பதும் விற்பதும் குற்றமாகும். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பூவை விரும்பித்தான் வாங்கினீர்கள். அந்த விருப்பம் நல்லதே. ஆய்வுகூடத்தில் விதையிலிருந்து இழைய வளர்ப்பு முறையில் உருவாக்கிய செடிகளுக்கே அந்த விருப்பத்தைக் கொடுங்கள். அவை தூசி இல்லாத இளம் வேர்களோடு சிறு வலைத்தொட்டிகளில் வரும். செடிகள் ஒரே வயதினவாக, ஒரே அளவில் இருக்கும். விற்பவரிடம் ‘இது எங்கே வளர்ந்தது?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

கேள்வி: அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட மரம் ஒன்று கம்பஹாவில் வீதியோரத்தில் நின்றதாகச் செய்தியில் வந்ததே, அழிந்தது எப்படித் திரும்பி வரும்? – மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் குறிப்பிடுவது குரூடியா சைலானிகா என்னும் அவரைக் குடும்பத்து மரம். 2012ஆம் ஆண்டு வெளியான தேசிய சிவப்புப் பட்டியலில் அது அழிந்த இனமாகவே சேர்க்கப்பட்டிருந்தது. 2019இல் கம்பஹாவின் தாரளுவ பகுதியில் ஒரு மரம் அடையாளம் காணப்பட்டது. 2021இல், அதிவேகப் பாதை அமைக்கும் பணிக்காக அதே மரம் வெட்டப்பட இருப்பதாகத் தெரியவந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகே வெட்டுவது நிறுத்தப்பட்டது.

மரம் திரும்பி வரவில்லை. அது அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. ‘அழிந்துவிட்டது’ என்ற சொல், தேடிய இடங்களிலெல்லாம் நெடுங்காலமாகக் கிடைக்காத ஓர் இனத்துக்கு எழுதப்படுவது. தேடாத இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அரிய மரம் என்றால் நாம் சிங்கராஜ வனத்தையே நினைக்கிறோம். கொழும்பிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள், வீடுகளும் தென்னந்தோட்டங்களும் நிறைந்த ஊரில் ஒருவர் அண்ணாந்து பார்த்துத் தேடியிருப்பாரா? மேலும், பூவோ காயோ இல்லாதபோது அதன் இலைகள் வேறு பல மரங்களின் இலைகளைப் போலவே இருக்கும். இந்தச் சாதி (நெருங்கிய இனங்களின் தொகுதி) மரங்களின் சிறு பூக்களுக்கு அல்லி இதழ்களே இல்லை என்பதால் அவையும் கண்ணை ஈர்ப்பதில்லை. பூத்த கிளையொன்றை அழுத்தி உலர்த்தி, பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரகத்தில் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆனால் தனி மரம் ஒன்று நிற்பதால் ஓர் இனம் பிழைத்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். விதை முளைக்க அதன் காலடியில் ஈரமும் நிழலும் வேண்டும், முளைத்த கன்றை யாரும் மண்வெட்டியால் கொத்திவிடாதிருக்க வேண்டும். மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாமே என்று அப்போது சிலர் கேட்டார்கள். வளர்ந்த மரத்தைப் பெயர்க்கும்போது வேரின் பெரும்பகுதி அறுந்துபோகும். கைவசம் இருக்கும் ஒன்றை வைத்து அந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்பதே என் கருத்து.

கேள்வி: எங்கள் கடை கபோஸ் லேனில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. முன்பு போல நல்ல பருமனான வெனிவெல்கெட்ட இப்போது வருவதில்லை. தோட்டத்தில் பயிரிட முடியாதா? – மருந்துச் சரக்கு வியாபாரி, புறக்கோட்டை

பதில்: காய்ச்சலும் தடிமனும் வந்தால் கொத்தமல்லியோடு சேர்த்து அவித்துக் குடிக்கும் இந்தச் சரக்கைத் தமிழ் மருத்துவர்கள் மரமஞ்சள் என்பார்கள். உங்கள் கடையில் இருக்கும் பருமனான துண்டொன்றை எடுத்து, வெட்டுமுகத்தைச் சற்று நனைத்துப் பாருங்கள்: நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மஞ்சள் கோடுகள் விரிந்து செல்வது தெளிவாகத் தெரியும். அந்த மஞ்சளுக்கும் கசப்புக்கும் காரணமான பெர்பெரின் என்ற பொருளே மருந்தாகிறது. அந்தப் பருமனை அடைய ஒரு கொடி பல ஆண்டுகள் பெரிய மரங்களின் மீது ஏறியிருக்க வேண்டும். காட்டில் அதை அடியோடு வெட்டி எடுப்பதற்கோ அரை மணி நேரம்கூட ஆகாது. மெல்லிய துண்டுகள் வருகின்றன என்றால், பருமனாவதற்கு முன்பே இளங்கொடிகளை வெட்டுகிறார்கள் என்றே பொருள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. அருகருகே இரண்டும் இல்லாவிட்டால் காய் இல்லை, விதை இல்லை. ஒரு காட்டில் பத்துக் கொடிகளில் எட்டை வெட்டிவிட்டால், மிஞ்சிய இரண்டும் ஒரே பாலாக இருந்துவிடவும் கூடும்.

பயிரிட முடியும், ஆனால் தொட்டியிலோ சிறிய கொல்லையிலோ அல்ல. ஈரவலயத்தில், ஏறுவதற்கு உயர்ந்த மரங்களும் நிழலும் உள்ள காணி வேண்டும். றப்பர்த் தோட்ட ஓரங்களும் கலப்புத் தோட்டங்களும் ஏற்றவை. அறுவடைக்குக் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். உங்களைப் போன்ற கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, பயிரிட்ட சரக்குக்குக் கூடுதல் விலை தருவோம் என்று களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத்து விவசாயிகளிடம் முன்கூட்டியே பேசிக்கொண்டால், நடுவதற்கு ஆட்கள் இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீரிழிவுக்கு வாங்கும் கொத்தலா ஹிம்புட்டுவுக்கும் இதே நிலைதான்.

கேள்வி: எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகம் பெல்லன்வில – அத்திடிய ஈரநிலத்தில் ஆயிரம் சுதேச மரக்கன்றுகள் நட விரும்புகிறது. எவற்றை நடலாம்? – ஆசிரியை, தெஹிவளை

பதில்: தயவுசெய்து நட வேண்டாம். சதுப்பு என்பது மரம் இல்லாத குறையுள்ள நிலமல்ல. திறந்த வெளியும் ஆழமற்ற நீரும் கோரையும்தான் அதன் இயல்பு. அங்குள்ள நீர்ச்செடிகளுக்கு வெயில் நேரே விழ வேண்டும். பிள்ளைகளுக்கு வேலை வேண்டுமென்றால், 1990இல் சரணாலயமாக்கப்பட்ட அந்த இடத்தை மூடிவரும் வெல் ஆத்தாவின் நாற்றுகளை, வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடும் வழிகாட்டலோடும் பிடுங்கச் செய்யுங்கள். சீத்தாவை ஒட்டுக்கட்டுவதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம் அது. அதன் பழம் நீரில் மிதந்து சென்று கரை ஒதுங்கும் இடமெல்லாம் முளைக்கிறது.

கேள்வி: ஹொர வெல் என்ற மரம் கொழும்புக்கு அருகில் எங்கோ இருப்பதாக அறிந்தேன். குடும்பத்தோடு சென்று பார்க்கலாமா? – வாசகர், மருதானை

பதில்: களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவை அண்டிய வதுரான என்னும் நன்னீர்ச் சதுப்புக் காட்டில் அது இருக்கிறது. ஸ்டெமனோபோரஸ் என்ற அதன் சாதி முழுவதுமே இலங்கைக்கு மட்டும் உரியது. அந்தச் சாதியிலும் நீர் தேங்கிய சேற்றில் வாழப் பழகிய இந்த இனம் மிகச் சில இடங்களிலேயே உண்டு. சுவந்த என்று சிங்களத்தில் அழைக்கப்படும் அரிய மரமும் அதே காட்டில் நிற்கிறது. காடு ஏறத்தாழ 12 ஹெக்டேயர்தான். காலிமுகத்திடலைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதல். அந்தச் சேற்றில் நீர் நிற்கும் மட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அயலில் ஒரு வாய்க்காலை ஆழமாக வெட்டினால், ஒரு மரத்தையும் தொடாமலே காட்டை உலர்த்திவிடலாம்.

பார்க்க விரும்புவது நியாயமே. ஆனால் அங்கே நடைபாதை அமைத்த பூங்கா எதுவும் இல்லை. கால் வைக்கும் இடமெல்லாம் மிருதுவான சேறு, அந்தச் சேற்றில்தான் கன்றுகள் முளைக்கின்றன. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெற்று, இடம் அறிந்த ஒருவரோடு, இரண்டு மூன்று பேராகச் செல்லுங்கள். சிறு பிள்ளைகளை முதலில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள்; அங்கே பலகை நடைபாதையில் நின்றபடியே சதுப்பு நிலத்தை அருகிலிருந்து காட்டலாம். வதுரானவில் எடுக்கும் படங்களை முகநூலில் இடுவதாயிருந்தால், மரம் நிற்கும் துல்லியமான இடத்தைக் குறிப்பிடாதீர்கள்.