குடல் கிருமி ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாளா மகள்?

வணக்கம் அம்மா. பிஎச்டி முடிப்பதற்குள் வயது முப்பதைத் தொட்டுவிடுமே, அப்புறமாவது வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கு சரிதான். பிஎச்டிக்கு நான்கிலிருந்து ஆறு வருடம், பிறகு போஸ்ட்டாக் என்ற ஒப்பந்த வேலையில் இன்னும் சில வருடம். பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடம் சிலருக்குத்தான் அமைகிறது. இதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன்.

அதற்காகத் துறை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் கணக்கிட்டார்கள், பெரும்பாலானவை பெருங்குடலில்தான். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு திரும்பத் திரும்ப வரும் ஒரு குடல் தொற்றைத் தடுக்க, ஆரோக்கியமானவர்களின் மலத்தில் உள்ள பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரித்த மருந்துகளுக்கு 2022, 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் "நல்ல பாக்டீரியா" என்று விற்கும் புரோபயாடிக் விளம்பரங்கள் சொல்வதையெல்லாம் அறிவியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"நாள் முழுக்க மலத்தோடுதான் இருப்பாளா?" என்றும் கேட்டீர்கள். மாதிரிகள் சின்னக் குழாய்களில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும். கையுறை போட்டுத்தான் எடுப்பார்கள். நாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது கம்ப்யூட்டர் வேலை. அதுதான் என் கவலை. குடல் கிருமிகளில் பலவற்றை வளர்ப்பது கடினம், ஆக்சிஜன் பட்டாலே செத்துவிடும். அதனால் டிஎன்ஏவைப் பிரித்துப் படித்து, யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். கூடவே, மலமே கலக்காத வெறும் தண்ணீரையும் ஒரு குழாயில் வைத்து அதே சோதனையைச் செய்வார்கள். அதிலும் பாக்டீரியா டிஎன்ஏ தெரியும்! சோதனைக்குப் பயன்படுத்தும் ரசாயனத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. எது நிஜம், எது ஒட்டிக்கொண்டது என்று பிரிக்கப் புள்ளியியல் வேண்டும். ஆர், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிகள் இரண்டில் ஒன்றாவது கைவசம் இருக்க வேண்டும். பேராசிரியர் வேலை அமையாவிட்டாலும் மருந்து, உணவு, நோயறிதல் நிறுவனங்களில் சோறு போடப்போவது இந்தத் திறமைதான்.

அதனால் உடனே பிஎச்டியில் சேர வேண்டாம். ஆறு மாதம் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் செய்யட்டும். டேட்டாவோடு மல்லுக்கட்டுவது பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிடித்தால், சேரப்போகும் வழிகாட்டிப் பேராசிரியரிடம் படித்த பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பேசச் சொல்லுங்கள்: எத்தனை வருடத்தில் முடித்தார்கள், உதவித்தொகை மாதாமாதம் வந்ததா, இப்போது எங்கே இருக்கிறார்கள். இதையெல்லாம் நீங்கள் போய்க் கேட்க வேண்டாம், அவளே கேட்கட்டும்.