பார்க்க 1930, பேப்பரில் 1989

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிட் கார் பற்றித்தான். சட்டகத்தையும் மேல் உடலையும் ஒரு கம்பெனியிடம் வாங்கி, எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி, வீட்டு கராஜிலேயே பூட்டி முடிக்கிற கார். ஒரே ஒரு கடிதம் கோவையிலிருந்து, மற்றதெல்லாம் இங்கிலாந்திலிருந்து.

மகள் கல்யாணத்துக்கு நீள மூக்கு வைத்த வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம், அரை நாளுக்கே நல்ல காசு வாங்கினார்கள். அதே மாதிரி ஒன்று இப்போது விலைக்கு வருகிறது. விற்கிறவர் பியூஃபோர்ட் என்கிறார், ஆனால் லாக் புக்கில் (நம்ம ஊர் ஆர்.சி. புக் மாதிரி) ஃபோர்டு சியரா 1989 என்று இருக்கிறது. திருட்டு வண்டியோ? — வாசகர், ஹாரோ

திருட்டு வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் பயந்தது நல்லது, அதனால்தான் பேப்பரைப் பார்த்திருக்கிறீர்கள்.

லண்டன் தமிழ்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண்ணோடு வந்து இறங்கும் அந்த 1930 பாணி வண்டிகளில் பல, 1980களில் வந்த பியூஃபோர்ட் கிட்தான். ஆரம்ப கால வண்டிகளில் ஆட்கள் உட்காரும் பகுதி பழைய மினி காருடையது, அதற்கு முன்னால் நீளமாக ஒரு பானெட், பக்கத்தில் வளைந்த மட்கார்டு, அடியில் ஃபோர்டு கார்டினாவோ சியராவோ. மண்டப வாசலில் நின்று "தாத்தா காலத்து வண்டி" என்று செல்ஃபி எடுக்கிறவர்களிடம் இதைச் சொல்லி மனசைக் கெடுக்க வேண்டாம்.

1998க்கு முன்னால் வீட்டில் கட்டிய கார்களுக்குத் தனிப் பரிசோதனை கிடையாது. அதனால் பலபேர் சியராவைப் பிரித்து வேறு கார் ஆக்கிவிட்டு, லாக் புக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். உங்கள் வண்டியும் அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். வண்டி ஒன்று, பேப்பர் இன்னொன்று என்றால் இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள். சியரா என்று இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு எங்காவது மோதினால், நாங்கள் இன்சூர் செய்தது இந்த வண்டியை இல்லையே என்று கம்பெனி கையை விரிக்கலாம். வண்டிப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ. கண்ணில் பட்டால் நம்பரை ரத்து செய்து, புதிதாகப் பரிசோதனைக்குப் போ என்று சொல்லவும் முடியும்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் விற்கிறவரையே ஸ்வான்சீயில் இருக்கும் டி.வி.எல்.ஏ.வுக்கு எழுதி லாக் புக்கைத் திருத்தச் சொல்லுங்கள். அதெல்லாம் சின்ன விஷயம் என்று அவர் சிரித்தால், சின்ன விஷயத்தை நீங்களே முடித்துக் கொடுங்கள் என்று நீங்களும் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். வண்டி கட்டியபோது எடுத்த போட்டோ, பில் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த ஃபைல் இல்லாத கிட் கார் ஜாதகம் இல்லாத வரன் மாதிரி, எந்த பாகம் எந்தக் காருடையது என்றே தெரியாது. பிரேக் பேட் வாங்கப் போகும்போது அது புரியும்: பியூஃபோர்ட் என்றால் கடைக்காரர் முழிப்பார், சியரா என்றால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

நீங்களும் வாடகைக்கு விடுவதாக இருந்தால், கல்யாணத்துக்கு மட்டும் ஓட்டினால் டாக்சி லைசென்ஸ் தேவையில்லை, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் காசு வாங்கி ஆள் ஏற்றுவதற்கான இன்சூரன்ஸ் தனியாக வேண்டும், சாதாரண பாலிசி செல்லாது.

மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஒரு கிட் கட்ட ஆசை. புது நம்பர் கிடைக்குமா? பரிசோதனை கஷ்டமா? — வாசகர், லெஸ்டர்

எம்.எக்ஸ்-5 நல்ல தேர்வு. உடம்பு துருப்பிடித்துப் போயிருக்கும், எஞ்சின் மட்டும் குத்துக்கல் மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது எஞ்சின்தான்.

எல்லாப் பாகமும் புதிது என்றால் நடப்பு வருட நம்பர் (பழைய பாகம் ஒன்றே ஒன்று இருக்கலாம், அதையும் புதிது போலச் சீர்செய்ததற்கு ஆதாரம் வேண்டும்). புதுச் சட்டகத்தில், ஒரே பழைய காரிலிருந்து குறைந்தது இரண்டு பெரிய பாகங்கள் (எஞ்சின், ஆக்சில் போல) போட்டால் அந்தக் காரின் வயசுக்கு ஏற்ற நம்பர், உங்களுக்கு இதுதான். எதிலிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால் க்யூ என்று ஆரம்பிக்கும் நம்பர். க்யூவை மறைத்து ஃபேன்சி நம்பர் மாட்ட முடியாது, விற்கும்போது விலையும் இறங்கும். எனவே பழைய மஸ்டாவின் லாக் புக்கைப் பத்திரமாக வையுங்கள், எஞ்சின் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பரிசோதனையில் புகை அளவு எஞ்சினின் வயசைப் பொறுத்து, அந்த வயசுக்கும் ஆதாரம் கேட்பார்கள்.

பரிசோதனையின் பெயர் ஐ.வி.ஏ., 1998இல் வந்த பரிசோதனைக்குப் பதிலாக 2009 முதல் இருக்கிறது. எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட்டு ராத்திரி தூக்கம் கெடுக்கிறவர்கள் எல்லாம் கடைசியில் ஓரத்தில் விழுகிறார்கள். ஓரம் என்றால் நிஜமாகவே ஓரம். 100 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று தொடக்கூடிய வெளிப்பாகம் எதுவானாலும் அதன் விளிம்பு 2.5 மில்லிமீட்டராவது வளைந்திருக்க வேண்டும், நடந்து போகிறவர் மேல் பட்டால் கிழிக்கக் கூடாது என்பதற்காக. நான் முதல் தடவை தோற்றது கண்ணாடியைப் பிடிக்கும் ஒரு துண்டுத் தகட்டால். மூன்று வருஷ உழைப்பு, ஒரு துண்டுத் தகடு! கம்பிச் சக்கரத்தின் நடுவில் இறக்கை வைத்த திருகு பழைய பாணிக்கு அழகுதான், ஆனால் அதுவும் இங்கே மாட்டும். ரப்பர் பட்டையை ஓரமெல்லாம் ஒட்டிப் போய், பாஸானதும் வீட்டுக்கு வந்து பிய்த்துப் போடுகிறவர்கள் நிறைய. நான் பிய்க்கவில்லை, அசிங்கமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

நம்பர் இல்லாமலேயே, முன்பதிவு செய்த பரிசோதனைக்கு ஓட்டிப் போகலாம், சட்டக எண்ணை வைத்து இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் போதும். பாஸ் ஆனதும் அந்தச் சான்றிதழ், வி627/1 படிவம், பதிவு விண்ணப்பம், பில்கள், 55 பவுண்டு கட்டணம் எல்லாவற்றையும் டி.வி.எல்.ஏ.வுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் நகல் எடுத்து வையுங்கள்.

பழைய காருக்கு யூலெஸ் கட்டணமும் (லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிக்கு) எம்.ஓ.டி.யும் (வருஷா வருஷம் செய்யும் தகுதிப் பரிசோதனை) கிடையாது என்று மச்சான் சொல்கிறார். என் கிட் காரும் பழைய மாதிரிதானே? — வாசகர், வெம்ப்ளி

மாதிரி வேறு, பழசு வேறு. கேமரா மட்கார்டின் வளைவைப் பார்ப்பதில்லை, நம்பரைப் பார்க்கிறது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோவும் (நகர வட்டாரமும்) யூலெஸ்ஸுக்குள். 1989 நம்பரும் அந்தக் கால எஞ்சினும் என்றால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மச்சான் சொல்வது 40 வயசு தாண்டி, வரி வகையே 'வரலாற்று வாகனம்' என்று மாறிய வண்டிகளுக்கு. கிட் காரையும் க்யூ நம்பரையும் 'பெரிதாக மாற்றியவை' என்ற கணக்கில்தான் வைக்கிறார்கள், ஆகவே எம்.ஓ.டி. உண்டு. வரலாற்று வரி வகையில் இருந்து, கடந்த 30 வருஷத்தில் எதையும் மாற்றாமல் இருந்தால் மட்டும் விலக்குக் கேட்கலாம்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பைத்தியம்? — வாசகி, பர்மிங்ஹாம்

வரிதான், வேறென்ன. அந்தக் காலத்தில் முழுக் காருக்கு விற்பனை வரி, பாகங்களாக வாங்கினால் இல்லை. 1957இல் லோட்டஸ் கம்பெனியை ஆரம்பித்த காலின் சாப்மன் தன் செவனை அப்படித்தான் விற்றார். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, தலைகீழாகப் படித்துக்கொள் என்றாராம். 1973இல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போனது. அதே வருஷம் செவனைக் கேட்டர்ஹாம் என்ற கம்பெனி வாங்கியது, இன்றும் கிட்டாகவே விற்கிறது.

ஊரிலேயே ஒன்று கட்டி ஆர்.டி.ஓ.வில் பதிய முடியுமா? — வாசகர், கோவை

ஒற்றை ஆளாக? இல்லை தம்பி. இங்கே ஐ.வி.ஏ. மாதிரி ஒரு வண்டிக்கு ஒரு பரிசோதனை என்ற வழி கட்டுகிற ஆளுக்கு இருக்கிறது, அங்கே கம்பெனிகள் தங்கள் மாடலுக்கு வாங்கும் ஒப்புதல்தான் வழி. பழைய வண்டியின் ஆர்.சி. புக்கை வைத்துக்கொண்டு உடம்பை மாற்றலாமே என்று கேட்பீர்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்தே சொல்லிவிட்டது. 2021இல் வந்த விண்டேஜ் பதிவும் 50 வயசு தாண்டிய, அடிப்படை மாறாத வண்டிக்குத்தான். கை அரித்தால் ஒரு பழைய பத்மினி காரை ஒழுங்கான பேப்பரோடு வாங்கி, அதை அதாகவே சரிசெய்யுங்கள். போட்டோ அனுப்புங்கள், போடுகிறோம்.