முனியறை யாருடைய வீடு?

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு மறையூர் முனியறைகளையும் சின்னாறு காட்டையும் பார்க்க எண்ணியிருக்கிறோம். பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய வீடுகள் அவை என்கிறார் மாமியார். உண்மையா? இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் மாமியார் சொல்வது தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கதை, தமிழ்நாட்டிலும் இத்தகைய கற்களைப் பாண்டவர் குழி என்று சொல்லும் ஊர்கள் உண்டு. ஆனால் அவை இறந்தவர்களுக்காகப் பெருங்கற்கால மக்கள் எழுப்பிய ஈமச்சின்னங்கள். நம் ஆய்வாளர்கள் கற்திட்டை என்பார்கள். பக்கத்துக்கொன்றாகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றியிருப்பார்கள். சாந்து கிடையாது, ஒன்றையொன்று தாங்கும் பாரம்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றை நிற்க வைத்திருக்கிறது. ஆகவே படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளை மூடுகல்லின்மேல் ஏற்றாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற முறை போயிருந்தபோது, ஓர் அறையின் பக்கக்கல் சரிந்து, மூடுகல் ஒரு முனை தரையில் ஊன்றிக் கிடந்தது; அதன்மேல் சுண்ணாம்பில் இரண்டு பெயர்கள். மனம் ஆறவில்லை.

உடுமலை வழியாக விடியற்காலையில் புறப்பட்டால் ஒரே நாளில் முடியும். 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சின்னாறு மழைமறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவமழையை நம்பிய முட்காடு என்பதால் டிசம்பரில் பசுமை மிச்சமிருக்கும். உள்ளே ஆலம்பட்டிப் பக்கம் கற்திட்டைகளும் பாறை ஓவியங்களும் உண்டு. அங்கே வனத்துறையின் வழிகாட்டியோடுதான் நடந்து போக முடியும். மாமியாருக்கு அந்த நடை வேண்டாம். மறையூரை அடுத்த கோவில்கடவில் பாம்பாற்றங்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள பாறைமேட்டில் இருக்கும் முனியறைகளை, கால் இடம்கொடுக்கும் அளவுக்கு ஏறிப் பார்க்கட்டும். பாம்பாறு கிழக்கு நோக்கி ஓடி நம் அமராவதியில் சேர்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கேரளத்தில் கிழக்கே பாயும் ஆறுகள் மூன்றே.

இந்த மலையில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். முதுவர், மலைப்புலையர் என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஆடுமாடு மேய்ப்பதும் தைலப்புல் அறுத்துக் காய்ச்சுவதும் அவர்களுடைய பிழைப்பு. வழியில் மந்தை எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்காமல் காரை ஓரங்கட்டி நிறுத்துங்கள். மேய்ப்பவரிடம் தமிழிலேயே பேசலாம். அஞ்சுநாடு எனப்படும் இந்த மறையூர் வட்டாரத்தில் அது வீட்டுமொழி. முனியறைகளைப் பற்றி அவரிடம் கேளுங்கள், மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

வரையாடு பார்க்க வேண்டுமானால் மூணாறு பக்கமுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.