லெவல் 24 கள்ளன் ஏன் பிடிபடுகிறான்?

கேள்வி: நான் உரும்பிராய். ஏ.எல். எழுதிப்போட்டு வீட்டில் நிற்கிறேன். ஸ்கைரிம் என்ற கொம்பியூட்டர் கேமில் காஜீட் இனத்தில் ஒரு கள்ளனை லெவல் 24 வரை கொண்டுவந்துவிட்டேன். பூட்டுடைப்பில் 6 பெர்க் (லெவலுக்கு ஒன்றாகக் கிடைக்கும் சிறப்புத் தேர்ச்சி), பிக்பொக்கெட்டில் 5, ஸ்மிதிங்கில் 5, ஸ்பீச்சில் 4, ஒற்றைக்கை ஆயுதத்தில் 2, ஸ்னீக்கில் (பதுங்குவதில்) 1. ஸ்னீக் திறன் 42. கையில் எஃகு வாள், துணைக்குக் கூட வருகிறவ லிடியா. மச்சான் சொன்னபடி ஆகக் கடினமான லெஜண்டரியில் விளையாடுகிறேன். பதுங்கிப்போய் வெட்டினாலும் ஒருத்தனும் சாகிறானில்லை. திரும்பி இரண்டு அடியில் என்னை முடிக்கிறான். ரியூசன் ஒழுங்கைக் கடையில் எல்லாத் திறனும் 100 ஆக்கிய சேவ் ஃபைல் 2,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா, முதலிலிருந்து தொடங்கலாமா?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். உம்முடைய கள்ளனை இன்னும் மூன்று லெவலில் திருத்தலாம்.

முதலில் அந்தக் கடைக்காரரின் கதையை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மற்றது எழுத ஓடாது. நீர் காசு கொடுக்கப்போகும் சேவ் ஃபைல் இணையத்தில் சும்மா கிடக்கிறது. அதை எடுத்துப் பென்டிரைவில் போட்டுத் தருவதற்குத்தான் 2,500 ரூபாய். அந்த ஃபைலை உருவாக்கினவர் தன்னுடைய கொம்பியூட்டரில் என்னென்ன மொட் (கேமை மாற்றும் கூடுதல் ஃபைல்) போட்டிருந்தாரோ, அதெல்லாவற்றின் நினைப்பும் அந்த ஃபைலுக்குள் இருக்கும். உம்மிடம் அந்த மொட்கள் இல்லாவிட்டால் சாமான்கள் காணாமல் போகும், நடுவழியில் கேம் விழுந்து படுக்கும். கடைக்காரரிடம் போனால் "ராம் காணாது தம்பி" என்று அடுத்த சாமானைத் தலையில் கட்டுவார். சரி, ஒழுங்காக ஓடுகிறது என்றே வைப்போம். எல்லாத் திறனும் 100 என்றால் லெவல் 81. இந்த கேமில் நீர் ஏற ஏற எதிரியும் ஏறுவான். அதாவது, காசு கொடுத்து எதிரியைப் பலப்படுத்திக்கொண்டு வருகிறீர்.

உந்த ஆட்களே கேமுடன் சேர்த்து ஸ்டீம் (கேம் விற்கும் இணையக் கடை) கணக்கும் விற்பார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதேயும். கணக்கு விற்பது ஸ்டீம் விதிகளுக்கே மாறானது. பழைய சொந்தக்காரர் நினைத்தால் தன்னுடைய ஈமெயிலைக் காட்டித் திருப்பி எடுத்துவிடுவார். நானும் ஒருகாலம் அப்படி ஒன்றை வாங்கி, மூன்றாம் மாதம் ஒரு காலையில் கடவுச்சொல் வேலை செய்யாமல் முழித்தவன்தான். விற்ற கடைக்குப் போனால் அது போன் கவர் கடையாக மாறியிருந்தது. நேரே ஸ்டீமில் வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு இணையத்தில் பாவிக்கக்கூடிய வங்கி அட்டை வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்துத் தலையிடி. என் அட்டைக்கு அந்த அனுமதியை எடுக்க மூன்றுதரம் லைனில் நின்றேன், மூன்றாம் முறை "என்னத்துக்கு டொலர்?" என்று கேட்டார்கள். கள்ளன் வளர்க்க என்றா சொல்வது? நேர்வழியை இவ்வளவு கரடுமுரடாக வைத்துக்கொண்டு, பெடியள் ஒழுங்கைக் கடைக்குப் போகிறார்கள் என்று புறுபுறுக்கிறார்கள்.

இனி உம்முடைய கள்ளன். 23 பெர்க் எடுத்திருக்கிறீர், அதில் 20 நேரடியாகச் சண்டைக்கு உதவாதவை. பூட்டை உடைக்கவும், சட்டைப்பையில் கைவிடவும், பேரம் பேசவும், சுத்தியலால் தட்டவும் பழகப் பழக லெவல் ஏறியது. அந்த லெவலைப் பார்த்து எதிரியும் ஏறிவிட்டான். ஆனால் உம்முடைய கத்தி ஏறவில்லை. பூட்டுடைப்பில் போட்ட 6 பெர்க்கும் தண்ணீரில் போட்ட உப்பு. ஆகக் கடினமான மாஸ்டர் பூட்டைக்கூட ஒரு பெர்க்கும் இல்லாமல் திறக்கலாம். லொக்பிக் கொஞ்சம் கூட முறியும், அவ்வளவுதான். கேம் இதை எங்கேயும் சொல்லாது. 2011இல் வந்தது, 2016இல் புதுப் பூச்சுடன் வந்தது, 2021இல் இன்னொரு பெயரில் வந்தது. மூன்று தரம் விற்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி விளக்கம் எழுதத் தெரியவில்லை.

நீர் இன்று செய்யவேண்டியது, செட்டிங்ஸில் போய் லெஜண்டரியைச் சாதாரண அளவான அடெப்டுக்கு இறக்குவது. லெஜண்டரியில் உம்முடைய அடி காலாகக் குறையும், வாங்கும் அடி மூன்று மடங்காகும். இரண்டு அடியில் சாவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மச்சானுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து வரும் மூன்று பெர்க்கையும் ஸ்னீக்கிலேயே போடும். லெவல் 25இல் பேக்ஸ்டாப்: பதுங்கி அடிக்கும் ஒற்றைக்கை ஆயுதம் 3 மடங்கிலிருந்து 6 மடங்காகும். 26இல் டெட்லி எய்ம்: வில்லு 2 மடங்கிலிருந்து 3 மடங்கு. 27இல் அசாசின்ஸ் பிளேட்: குத்துவாளுக்கு 15 மடங்கு. கடைசிக்கு ஸ்னீக் 50 வேண்டும், உம்மிடம் 42. ஒரு லெவலுக்கு 5 தடவை காசு கொடுத்துப் பயிற்சி எடுக்கலாம். ரிஃப்டனில் கள்ளர் கில்ட்டில் சேர்ந்தபிறகு டெல்வின் மலோரி ஸ்னீக் சொல்லித் தருவார். கொடுத்த காசை அவருடைய பையிலிருந்தே திருப்பி எடுக்கலாம். பிக்பொக்கெட்டில் போட்ட 5 பெர்க்குக்கு இதாவது மிஞ்சட்டும்.

இப்போது வடிவாகக் கவனியும், எல்லாரும் சறுக்கும் இடம் இது. 15 மடங்கு குத்துவாளுக்கு மட்டும். வாளுக்கு இல்லை. சின்ன வாளுக்கும் இல்லை. மாயம் ஏற்றிய வாளுக்கும் இல்லை. கள்ளர் கில்ட் கதையில் சில்ரெண்ட் என்று பனிபோல ஒரு வாள் அகப்படும், நைட்டிங்கேல் பிளேட்டும் கிடைக்கும். பெயரைக் கேட்டால் கள்ளனுக்கென்றே அடித்ததுபோல இருக்கும். இரண்டும் வாள், இரண்டுக்கும் 6 மடங்குதான். பெயரை நம்பாமல் சாமான் பட்டியலில் உருவத்தைப் பார்த்து அது குத்துவாளா என்று பாரும். உம்முடைய எஃகு வாளின் அடிப்படை அடி 8, ஆறால் பெருக்கினால் 48. எஃகுக் குத்துவாள் வெறும் 5தான், ஆனால் பதினைந்தால் பெருக்க 75. எல்வன் குத்துவாள் 8 என்பதால் 120. டார்க் பிரதர்ஹூட் என்ற கொலைகாரக் கூட்டத்தில் சேரும்போது தரும் கையுறை இதை இன்னும் இரட்டிப்பாக்கும். 75 என்பது 150 ஆகும். அங்கே கிடைக்கும் பிளேட் ஒஃப் வோ குத்துவாள் வகை. மெரூன்ஸ் ரேசரும் குத்துவாள்தான். ஆகவே அந்த வாளை வித்துப்போடும்.

சத்தம் பற்றியும் ஒரு சொல். சின்ன வயதில் பக்கத்து வளவுக் கறுத்தக்கொழும்பானுக்கு வேலிப் பொட்டுக்குள்ளால் போனவர்களுக்கு இது தெரியும்: செருப்பைக் கழட்டவேண்டும், காவோலையில் மிதிக்கக்கூடாது, ஓடக்கூடாது. கேமிலும் அதே கணக்கு. கனமான கவசம் வேண்டாம், கையில் பந்தம் வேண்டாம், பதுங்கினபடி மெதுவாக நட. திரையின் நடுவில் உள்ள கண் மூடியிருந்தால் குத்து. திறக்கத் தொடங்கினால் நில், இருட்டுக்குள் போ. அதே பிரதர்ஹூட் உடுப்பில் வரும் சப்பாத்தில் மஃபிள் இருக்கிறது, காலடிச் சத்தத்துக்கு அது காணும். மஃபிள் மந்திரத்தைச் சும்மா நின்று திரும்பத் திரும்பச் சொல்லி லெவல் ஏற்றுகிற வித்தையை யாராவது காட்டினால் கேட்காதேயும். உம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்த வித்தையும் அதே சாதிதான்.

டிராகனுக்கு இதெல்லாம் சரிவராது, வில்லை எடும்.

லிடியாவை வைட்ரன் வீட்டில் விட்டுவிட்டுப் போம். எஃகுக் கவசம் போட்டு உமக்குப் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவ, பொறித்தட்டை மிதிக்கிறவ, நீர் குத்துவாளை ஓங்கும் நேரம் பார்த்து வாளை உருவிக்கொண்டு முன்னால் ஓடுகிறவ.