எலெக்டிவ் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: என் மகள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். ஐந்தாம் செமஸ்டர் தொடங்குகிறது. எட்டுப் பாடங்களில் இரண்டை எலெக்டிவாக, அதாவது விருப்பப் பாடமாக, டிக் செய்து மூன்று நாளில் தரச் சொல்கிறார்கள். 'நியூரல் நெட்வொர்க்ஸ் எடு, அதற்குத்தான் வேலை' என்கிறார்கள் சீனியர்கள். ஒரு பயிற்சி நிறுவனத்தார் 14,000 ரூபாய் கட்டினால் டேட்டா சயின்ஸ் சான்றிதழ் தருவார்களாம். எலெக்டிவுக்குப் பதில் அதையே கிரெடிட்டாக (பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளியாக) காட்டலாம், பட்டத்தோடு ஆனர்ஸ் என்ற கூடுதல் சிறப்பும் வாங்கலாம் என்கிறார்கள். முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுந்து, அடுத்த தடவை தேறியவள் அவள். என்ன செய்வது? (ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்)

பதில்: முதலில் அந்த 14,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கிரெடிட் தருவது பல்கலைக்கழகம். தெருமுனையில் ஏ.சி. போட்ட அறை வைத்திருப்பவர் தருவது வெறும் காகிதம். வெளியே ஆன்லைனில் படித்த பாடத்தைக் கணக்கில் சேர்க்க வழி இருக்கிறது. அது மத்திய அரசின் ஸ்வயம், ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் பாடத் தளங்களின் வழி. அங்கே சேர்வது இலவசம், தேர்வு எழுத மட்டும் சிறு கட்டணம். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். இதற்கும் கல்லூரியின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வீட்டிலிருந்தே தேர்வு, பாஸ் கேரண்டி என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சிலர் 'நான் முதல்வன்' பெயரையும் இழுப்பார்கள். அரசு 2022-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் செமஸ்டரோடு வரும் பாடத்துக்கு மாணவர் காசு கட்ட வேண்டியதில்லை. கொடுமை என்னவென்றால், இந்த ஏஜென்ட்டுகள் கல்லூரி வாசலுக்குள்ளேயே மேசை போட்டு உட்காருகிறார்கள். உள்ளே விட்டது யார் என்று கேட்டால் பதில் வராது.

அடுத்தது ஆனர்ஸ். உங்கள் மகளுக்குப் பொருந்தும் 2021 ரெகுலேஷன்படி (பல்கலைக்கழகத்தின் விதித் தொகுப்பு), அதற்குக் கூடுதலாக 18 கிரெடிட் படிக்க வேண்டும். 7.5 சி.ஜி.பி.ஏ.வோடு (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே தேறியிருக்கவும் வேண்டும். கணக்கில் ஒரு தடவை விழுந்தவுடனே அந்தக் கதவு மூடிவிட்டது. ஏஜென்ட்டுக்கு இது தெரியாமல் இருக்காது, வேண்டுமென்றே மறைத்திருப்பார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனர்ஸ் கணக்கு இல்லாததால், ஒரே வெர்டிக்கலை (ஒரே துறையைச் சேர்ந்த எலெக்டிவ்களின் வரிசையை) பிடித்துத் தொங்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. ஒரு எலெக்டிவ் டேட்டா சயின்ஸிலும் இன்னொன்று கிளவுடிலும் எடுக்கலாம்.

சரி, எந்தப் பாடம்? சீனியர் சொல்வதை ஒதுக்கிவிட்டு சிலபஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாடப் பெயரின் வலப்பக்கம் எல், டி, பி, சி (வகுப்பு, டுட்டோரியல், லேப், கிரெடிட்) என்று நான்கு எழுத்தும் அவற்றின் கீழ் நான்கு எண்களும் இருக்கும். 3 0 0 3 என்றால் வாரம் மூன்று மணி நேரம் வகுப்பு மட்டும், இன்டெர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 40, பல்கலைத் தேர்வு 60. 2 0 2 3 என்றால் லேபோடு சேர்ந்தது, இன்டெர்னலுக்கும் பல்கலைத் தேர்வுக்கும் சரிபாதி, 50-50. கம்ப்யூட்டர் சயின்ஸ் எலெக்டிவ்களில் இந்த இரண்டாம் வகைதான் அதிகம். ஆகவே லேப் உண்மையிலேயே நடக்குமா, நடத்தப்போவது யார் என்று கேளுங்கள். லேப் நடக்காத கல்லூரியில் அந்த இன்டெர்னல் 50 மதிப்பெண் ஆசிரியரின் மனம்போல் விழும்.

நியூரல் நெட்வொர்க்ஸ் முழுக்க மேட்ரிக்ஸும் கால்குலஸும். அவள் விழுந்த முதல் செமஸ்டர் தாளின் பெயரே மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் தான். அப்போது ஏன் சறுக்கினாள் என்று அவளையே கேளுங்கள். காய்ச்சலோ பயமோ காரணமென்றால் எடுக்கட்டும். புரியவே இல்லை என்றால், பட்டியலில் இருக்கும் பட்சத்தில் 'சாஃப்ட்வேர் டெஸ்டிங் அண்ட் ஆட்டோமேஷன்' பக்கம் போகச் சொல்வேன். பெயரில் பளபளப்பு இல்லைதான், ஆனால் இன்டர்வியூவில் கைவேலை காட்ட உதவும்.

பட்டியலில் எட்டு இருந்தாலும் உங்கள் கல்லூரியில் நடக்கப்போவது எத்தனை என்றும் கேளுங்கள். ஆள் சேராவிட்டால் நடத்த மாட்டார்கள், ஆசிரியர் இல்லாவிட்டாலும் நடத்த மாட்டார்கள். பல கல்லூரிகளில் எட்டுப் பெயரை அச்சிட்டுவிட்டு, 'எல்லாரும் இந்த இரண்டையே டிக் பண்ணுங்க' என்று கிளாஸ் அட்வைசர் வாட்ஸ்அப்பில் போடுகிறார். இதற்குப் பெயர் எலெக்டிவாம்! இந்தக் கூத்துக்குப் படிவம் எதற்கு, கையெழுத்து எதற்கு என்று நானும் பல கூட்டங்களில் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

தவறாக எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதற்கு ஒரு விதி உதவும், ஆனால் அலுவலகத்தில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கட்டாயப் பாடத்தில் விழுந்தால் அதே பாடத்தைத்தான் எழுதித் தேற வேண்டும். எலெக்டிவ் அப்படியல்ல. அதில் விழுந்தவர் அதையே எழுதலாம், அல்லது அடுத்து வரும் செமஸ்டரில் அனுமதி வாங்கி வேறொரு எலெக்டிவைப் பதிவு செய்து முடிக்கலாம். வேறு பாடம் என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வகுப்பில் உட்கார வேண்டும், இன்டெர்னல் புதிதாக வாங்க வேண்டும், 75 சதவீத அட்டெண்டன்ஸும் வேண்டும். பழைய பாடத்தின் இன்டெர்னல் இதற்குச் செல்லாது. அந்தப் பாடம் அந்த செமஸ்டரில் நடந்தால்தான் இது முடியும், டைம்டேபிளிலும் மோதக் கூடாது. ஆறாம் செமஸ்டரில் எலெக்டிவ்கள் குவிந்து கிடக்கும் என்பதால் கூடுதலாக ஒன்றைச் சுமப்பது லேசு இல்லை. ஆகவே பழைய பாடம் ஓரளவாவது புரிந்திருந்தால் அதையே எழுதச் சொல்லுங்கள். ஒன்றுமே புரியாமல் விழுந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். 'அப்படியெல்லாம் கிடையாது' என்று கவுன்டரில் சொன்னால் ரெகுலேஷனின் அச்சுப் பிரதியைக் கையில் கொண்டு போங்கள்.

படிவத்தைக் கொடுக்குமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பாடக் குறியீட்டு எண் தெரியும்படி. தேர்வுக் கட்டணம் கட்டும்போது வேறு எண் ஏறியிருந்தால், அன்றே துறைத் தலைவரிடம் காட்டித் திருத்தச் சொல்லலாம். ஹால் டிக்கெட் கைக்கு வந்த பிறகு ஓடினால், கல்லூரி பல்கலைக்கழகத்தைக் காட்டும், பல்கலைக்கழகம் கல்லூரியைக் காட்டும்.